நின்று நின்று வந்த மூச்சு

பதினெட்டு வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவன் நான். மண்ணிவாக்கத்தில் ஆரம்பித்து, வழியெல்லாம் ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் இறக்கிவிடுவேன். ஒரு நாள் பஸ் கிளம்பும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை நீளவில்லை. அப்படியே டயர் ஓரம் சரிந்துவிட்டேன். பக்கத்து பஸ் டிரைவர் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதால் உயிர் பிழைத்தேன்.

ஸ்ட்ரோக் என்றார்கள். ஐந்தாறு மாதத்தில் வலது கால் நடக்கத் தேறியது. கை சோறு பிசையும் அளவுக்கு வந்தது. குழறிய பேச்சும் தெளிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டேன் என்றார்கள். நானும் என் மனைவியும் தலையாட்டிக்கொள்வோம். உள்ளே நடந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

தலைக்குள் எப்போதும் பனி மூட்டம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்காகச் சமையலறையில் நிற்கிறேன் என்று யோசிப்பேன். பேச்சைத் தொடங்கினால் பாதியில் அறுந்துவிடும். பகலெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும்.

என் மனைவி ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"உன் ரூட்டுல கீற ஸ்டாப்பெல்லாம் வரிசையா சொல்லுயா, பாப்போம்."

மண்ணிவாக்கம் சொன்னேன். கரசங்கால் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. பதினெட்டு வருடம் போய் வந்த ரோடு. நான் அழுதேன். அவள் அழவில்லை. "சரி வுடு, நாளைக்கு சொல்லு" என்று எழுந்து போனாள். ஸ்ட்ரோக் கொண்டுபோனது கொண்டுபோனதுதான் என்று அன்றைக்கு இரண்டு பேருமே முடிவுகட்டிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்திருந்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்க, பதறி விழித்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னாடி?"

"மூச்சே வுடலயா நீ! கொறட்டை வுட்டுகினே இருந்த, திடீர்னு நின்னுபோச்சு. செத்துட்டியோன்னு பயந்துட்டேன்."

நான் நம்பவில்லை. மறுபடி தூங்கியதும் அவள் போனில் பதிவு செய்து, எழுந்ததும் காதருகே வைத்தாள். முதலில் என் குறட்டை. பிறகு ஒன்றுமே இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தது. ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அவ்வளவு நேரமும் நான் இல்லை. பிறகு, கிணற்றில் மூழ்கியவன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிற மாதிரி ஒரு பெரிய மூச்சு.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் இப்படிப் போராடி என்னை மேலே இழுத்து வந்தது யார்? இத்தனை நாளில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லையே.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்ட்ரோக்குக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டார். "இந்தக் குறட்டை எவ்ளோ நாளா இருக்கு?"

"கல்யாணம் ஆன நாளா கீது மேடம்" என்றாள் என் மனைவி. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

தலை, மார்பு, விரல் என்று ஒயர் மாட்டித் தூங்கவைத்து ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் அவர் பொறுமையாக விளக்கினார்.

"தூங்கும்போது உங்க தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போற வழியை அடைச்சிடுது. ஆக்சிஜன் குறையுது. உடனே மூளை உங்களை அரைகுறையா எழுப்பி மூச்சு விட வைக்குது. உங்களுக்கே தெரியாம ராத்திரி பூரா அதுக்கு இதே வேலை. ஏற்கெனவே ஸ்ட்ரோக்ல அடிபட்ட மூளை. அது எப்ப ஓய்வெடுக்கும், எப்படி ஞாபகம் வெச்சுக்கும்?"

"அப்போ இத்த சரி பண்ணா எல்லா ஞாபகமும் வந்துடுமா மேடம்?"

"எல்லாம்னு சொல்ல மாட்டேன்மா. ஸ்ட்ரோக்கால போனது கொஞ்சம் இருக்கும். தூக்கம் கெட்டதால மங்கிப்போனது கொஞ்சம் இருக்கும். அது தெளியலாம். பார்ப்போம்."

மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை அழுத்தமாக அனுப்புகிற மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டின மாதிரி இருந்தது. முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன். அவள் விடவில்லை. "மாட்டுயா. பக்கத்துலயே தான கீறேன்" என்று ஒவ்வொரு தடவையும் அவளே எடுத்து மாட்டிவிடுவாள்.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் கண் விழித்தபோது, கனவு கண்டிருந்தேன் என்று தெரிந்தது. என்ன கனவு என்பது நினைவில்லை. கனவு என்று ஒன்று வந்து எத்தனையோ வருடமாயிற்று. எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். தண்ணீருக்கு ருசி இருந்தது. வாசலில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலகத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். மண்ணிவாக்கம், கரசங்கால், படப்பை, பேக்கரி ஸ்டாப், சேரப்பணஞ்சேரி, தண்ணி டேங்க், ஒரகடம். அவள் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். அப்போதுதான் அழுதாள், அன்றைக்கு அழாததையும் சேர்த்து.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. போன் நம்பர் இன்னும் மனதில் நிற்காது. கூட்டல் கணக்கில் தடுமாறுவேன். பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டேன். இப்போது அதே கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷனில் உட்கார்ந்து, புது டிரைவர்களுக்கு ரூட் சொல்கிறேன்.

போன மாதம் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது, கேட்காமலே ஒன்று வந்தது. "நம்ம பொண்ணு பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில கரண்ட் போயிடுச்சு. பக்கத்து பெட்டுக்காரம்மா ஒரு ஓலை விசிறி குடுத்துச்சு. அதுல கிளி படம் போட்டிருந்துச்சு."

"விசிறியா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள் அவள்.

பிரசவத்தின்போது கூட இருந்த தன் அக்காவுக்கு உடனே போன் போட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டு கிளியாம்யா" என்றாள்.