முதல் நோன்புக்கு வீடு வந்த பிள்ளை

என் பிள்ளையை அல்லாஹ் எனக்கு எப்படித் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்கிறேன், கேளுங்கள். நான் பெற்ற பிள்ளை இல்லை, என் அக்கா மகள் ஆஃபியா. எனக்குக் குழந்தை இல்லாததால் வாயில் "என் பிள்ளை" என்றுதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கூனிமேடு. என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஆஃபியாவின் அத்தா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன இடத்திலேயே மௌத்தாகிவிட்டார். அவர் இறந்த பிறகு அக்கா பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவளும் போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகக் கோளாறு. "அடுத்த வருஷம் உனக்கு முதல் நோன்பு. மாலை போட்டு, தெருவுக்கே கஞ்சி கொடுக்கலாம்" என்று மகளிடம் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

அக்காவை அடக்கிய பிறகு பள்ளிவாசல் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளை சின்னம்மாவிடமே வளரட்டும் என்று முடிவானது. அவளுடைய அத்தாவின் தம்பி, சாச்சா நஜீர் பாயும் தலையாட்டினார். பாண்டிச்சேரியில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஜமாஅத்தில் முடிந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாம் முடிந்த மாதிரி. நானும் அப்படியே நம்பினேன்.

பக்ரீதுக்குக் கூட்டிப்போன நஜீர் பாய் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. போன் செய்தால், "எங்க அண்ணன் ரத்தம்மா. நல்ல ஸ்கூல்ல சேர்த்துட்டேன், விட்டுடுங்க" என்றார். விட்டுவிடுவதற்கு அது என்ன பூனைக்குட்டியா? போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஜமாஅத் முடிவைச் சொன்னேன். "அது உங்க ஊருக்குச் சரிம்மா. கார்டியன் யாருன்னு கோர்ட்டுதான் சொல்லணும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தொழுகை முசல்லாவை விரித்து உட்கார்ந்தேன். அழுதுகொண்டே இருந்தேன். கொடியில் அவளுடைய பச்சை கவுன் தொங்கியது. அதை மடித்து வைக்க எனக்கு மனசே வரவில்லை.

விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். பொறுமைசாலி. "அத்தா அம்மா ரெண்டு பேரும் இல்லாத குழந்தைக்கு சாச்சாவும் தானா கார்டியன் ஆக முடியாது, நீங்களும் ஆக முடியாது. மனு போடுவோம். சொந்தக்காரங்களுக்கு நோட்டீஸ் போகும். யார்கிட்ட இருந்தா குழந்தைக்கு நல்லதுன்னுதான் ஜட்ஜ் பார்ப்பாங்க. உங்க ஆசைய இல்ல" என்றார். கடைசி வார்த்தை சுருக்கென்று இருந்தது.

பிள்ளை இப்போது பாண்டிச்சேரியில் இருப்பதால் வழக்கும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று நஜீர் பாயின் வக்கீல் நிறுத்திப் பார்த்தார். கூட்டிப்போய் வைத்துக்கொண்டால் அது அவளுடைய ஊராகிவிடாது, அவள் வழக்கமாக வாழ்ந்தது கூனிமேடு என்று எங்கள் வக்கீலம்மா வாதாடினார். அவர் சொன்னதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனால் வாய்தா மேல் வாய்தா. வழக்கு முடியும்வரை சனிக்கிழமைகளில் கோர்ட் வளாகத்திலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

அந்தச் சனிக்கிழமைகள் எதுவும் எனக்கு மறக்கவில்லை. பஸ் உப்பளத்தைத் தாண்டும்போதே சீப்பையும் ரிப்பனையும் மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். பெஞ்சில் உட்காரவைத்துப் பின்னிவிடுவேன். அவள் தலையில் வேறு எண்ணெய் வாசனை வீசும். எனக்கு அது பொறுக்காது. வேண்டுமென்றே மெதுவாகப் பின்னுவேன். முடித்துவிட்டால் கிளம்பும் நேரம் வந்துவிடுமே!

தெருவில் சிலர் சொல்லிக்கொடுத்தார்கள். "ஜட்ஜ் கேட்டா சாச்சா அடிக்கிறாருன்னு சொல்லச் சொல்லு." என் வாய் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளை வாயில் பொய்யை ஊட்ட என்னால் முடியவில்லை.

ஜட்ஜம்மா பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் நாள் வந்தது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஃபியா உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். நான் தாழ்வாரத்தில் கையேந்தி, "யா அல்லாஹ், அவளை எனக்கே கொடுத்துடு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். தூணுக்கு அந்தப்பக்கம் நஜீர் பாயும் கையேந்தி நின்றார். கண் மூடியிருந்தது, தாடி நனைந்திருந்தது. அவர் கேட்பதும் அதே பிள்ளையை, அதே அல்லாஹ்விடம். அண்ணனைப் பறிகொடுத்த மனுஷன், அண்ணன் முகத்தை அவளிடம் தேடுகிறார். அதுவரை கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "யா அல்லாஹ், அவளுக்கு எங்கே நல்லதோ அங்கே வை. அது என் வீடா இல்லாட்டி, தாங்குற மனசைக் கொடு." சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஜட்ஜம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "யார் வேணும்னு கேட்டேன். ரெண்டு பேரும் நல்லவங்கதான்னு சொல்றா. ஆனா முதல் நோன்ப சின்னம்மா வீட்டுலதான் வைக்கணுமாம், அம்மா அங்கதான் சொன்னாங்களாம். அதுக்குள்ள உத்தரவு கிடைக்குமான்னு என்னையே கேட்கிறா."

கிடைத்தது. நான்தான் கார்டியன், அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை. வெளியூருக்கு நிரந்தரமாகக் கூட்டிப்போவதென்றால் கோர்ட்டைக் கேட்க வேண்டும். லீவு நாளில் சாச்சா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பேன்.

முதல் நோன்பன்று பூமாலையோடு முதலில் வந்து நின்றவர் நஜீர் பாய்தான். என்னைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா" என்றார். "கஞ்சி குடிச்சிட்டுப் பேசுங்க பாய்" என்றேன்.

வாடிப்போன முகத்தோடு, மாலையும் கழுத்துமாக ஆஃபியா உட்கார்ந்திருந்தாள். கையில் பேரீச்சம்பழம். நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கையேந்தினாள். பக்கத்தில் இருந்ததால் என் காதில் விழுந்தது. "யா அல்லாஹ், எங்க அம்மாகிட்ட சொல்லிடு, நான் நோன்பு வெச்சிட்டேன்னு."

என் மேல் அவன் வைத்த ரஹ்மத்துக்கு, அந்தக் கருணைக்கு எப்படி நன்றி சொல்வேன்! கேட்டது கிடைக்காமல் ஏங்குகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நானும் ஏங்கினவள்தான். கோர்ட்டுக்கும் போங்கள், வக்கீலையும் பாருங்கள். முடிவை மட்டும் அவன் கையில் விட்டுவிட்டுக் கேளுங்கள். ஆஃபியா இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். பச்சை கவுன் அவளுக்குச் சின்னதாகிவிட்டது. நேற்றுதான் மடித்து வைத்தேன்.