ராஜாவின் மறுபாதி

போன வாரம் மூணாறு ஏ.டி.எம்.மில் ரகசிய எண்ணை மூன்று தடவை தப்பாக அடித்துவிட்டேன். கார்டு உள்ளே போனது போனதுதான். என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தால், வட்டவடை மலைக்கிராமத்து ஜீப்பிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நனைந்த கோஸ் வாசனை மூக்கில் ஏறியதும் பேச்சியக்கா ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில், மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சம்பள கிளார்க். அப்போது அடுத்த தோட்டத்தில் ஒருவன், "கிளார்க்கையா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று சொல்லியே சம்பளப் பையை வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டான். கொடுத்த காவலாளிக்கு அவன் தெரிந்த முகம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் அந்த மாசம் முழுக்கக் கஞ்சி குடித்தது. நம் தோட்டத்தில் இது நடக்கவே கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

யோசனை என்னுடையதுதான், கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய காலிப் பெட்டியோடு நான் ஜீப்பில் ஆர்ப்பாட்டமாகப் போவேன். மூணாறு பாங்கில் எடுத்த சம்பளப் பணமோ, கொழுந்து பறிக்கும் பேச்சியக்காவோடு கோஸ் மூட்டைக்குள் பஸ்ஸில் வரும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அவர் காத்திருப்பார். சீட்டுக்கட்டில் ஒரு ராஜாவை எடுத்துக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம்.

"இந்தப் பாதி இல்லாம நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றேன்.

முதல் மாசமே மழையில் நனைந்து, குவார்ட்டர்ஸில் சட்டை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ராஜா ஈரச் சட்டையில் தங்கிவிட்டார். ஆபீஸ் வாசலில் வரிசை நின்றாகிவிட்டது. பேச்சியக்கா மூட்டை மேல் உட்கார்ந்தவர் அசையவில்லை.

"அக்கா, என்னைத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. அங்கயும் தெரிஞ்ச ஆளுதான வந்தான்?"

கெஞ்சினேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"நிறுத்துங்க. இது எல்லா வீட்டுக் கஞ்சியாச்சே. சீட்டக் காட்டாம எந்திரிக்க மாட்டேன்."

இரண்டு மைல் ஏறி இறங்கி ராஜாவோடு வந்தேன். அக்கா இரண்டு பாதியையும் முழங்கால் மேல் வைத்து, மீசைக்கு மீசை சேர்கிறதா என்று பார்த்தபிறகுதான் எழுந்தார்.

"இப்பத்தான் நீங்க கிளார்க்கையா."

நான் இருந்தவரை அங்கே ஒரு பைசா களவு போகவில்லை. இன்று சம்பளம் நேரே பாங்குக்குப் போகிறது. கொட்டகையும் இல்லை, அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கார்டைப் பிடித்துக்கொண்ட மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு நான் யாரென்று தெரியாது. அக்கா என்னை நன்றாகத் தெரிந்துகொண்டேதான் தர மாட்டேன் என்றார்.