ஒரு ஆட்டினுக்காக

திருவள்ளூர் அரிசி மில்லில் நாங்கள் இரண்டு குமாஸ்தாக்கள். ஐம்பதுகளின் நடுவில் முதலாளி கும்மிடிப்பூண்டியில் ஒரு மண்டி திறந்தார். "யாராச்சும் ஒருத்தர் அங்க போயிடுங்க, உங்களுக்குள்ள பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பேசிக்கொள்வதாம்! என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். தாயில்லாதவள். அவளைத் தனியே விட்டு, நேர் ரயில்கூட இல்லாத ஊருக்கு நான் எப்படிப் போவேன்?

"போக்கர் ஆடலாம். தோத்தவன் போவணும்" என்றான் கூட்டாளி. ரயில்வே கார்டு ஒருவர் எங்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒரு தரம் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தும் ஒரே ஜாதியாக வந்தால் பெரிய கை. ஒன்றும் சேராவிட்டால் வெறும் கை. ஒரு ஜோடி இருந்தாலே அதை அடித்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் மூட்டை மேல் சீட்டைப் போட்டோம். எனக்கு இதயம் போட்ட ஆட்டின் சீட்டு நாலு வந்தது. இன்னொரு ஆட்டின் வந்தால் தப்பித்தேன். வருமா? ஆட்டின் மொத்தம் இருபத்தாறு, என்னிடம் நாலு... அட கடவுளே, அது ரம்மி! ரம்மிக்குத்தான் இரண்டு கட்டு. இதில் ஒரே கட்டு. பதிமூன்றில் நாலு போக ஒன்பது. நான் பார்க்காத சீட்டு நாற்பத்தேழு. ஐந்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த ஒன்பதிலும் சிலது அவன் கையில் இருந்தால்? அதைக் கழிப்பதா, வேண்டாமா? மண்டை காய்ந்தது.

"இன்னா நைனா, மாத்துறியா, இல்ல ஜோசியம் பாத்துக்கினு இருக்கியா?"

மாற்றினேன். கிளாவர் எட்டு. எதோடும் சேரவில்லை. வெறும் கையைக் காட்டினேன். அவன் தன் சீட்டைப் பார்த்தான், கவிழ்த்து வைத்தான். "உன்னுதுதான் பெருசு. நான் போறேன்" என்று எழுந்து போய்விட்டான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் சீட்டைத் திருப்பினேன். இரண்டு ராஜா. ஜோடி! ஆட்டம் புரியாமல் தோற்றானா? எனக்கே புரியாமல் முழித்தபோது இரண்டாம் தரம் விளக்கியவன் அவன்தானே!

சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஓடினேன். பெட்டியும் படுக்கையும் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது.

"அதுக்குள்ள கட்டிட்டியா?"

"நேத்தே கட்டிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பின்ன இன்னாத்துக்குடா ஆட்டம்?" என்று கத்தினேன்.

"சும்மா போறேன்னா நீ உட்ருப்பியா?"

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதைக் காட்டுவதென்று தெரியாமல் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு" என்றான். "ஊட்டுக்குப் போ. தங்கச்சி தனியா இருக்கும்."