மைக் செட்காரர் காட்டிய கட்டைவிரல்

எங்க வீட்டுக்காரர் மைக் செட்காரர். எந்தக் கூட்டத்திலயும் யார் என்ன பேசுறாங்கன்னு காதில வாங்கவே மாட்டார். சத்தம் தெளிவா இருந்தாப் போதும், மேடையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அப்படியொரு பிறவி!

வயக்காட்டை எல்லாம் வணிக இடமா மாத்தி, பெரிய ஷாப்பிங் மால் கட்ட விடலாமான்னு அன்னிக்கு ஊர்க்கூட்டம். அடிதடி ஒண்ணுதான் பாக்கி. கடைசியா என் கொழுந்தன் மைக்கைப் பிடிச்சு என்னமோ முணுமுணுத்தான். யாருக்கும் கேட்கலை. இவர் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

"எங்க குடும்பப் பொது வயலைக் கொடுக்க அண்ணனும் நானும் சம்மதிச்சுட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கலையே, பாவி!

கூட்டமே இவரைத் திரும்பிப் பார்த்துச்சு. மனுஷன் சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.