டயரில் காற்று இருந்தது

அண்ணை, பொங்கல் விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய். ஞாபகப் பிசகில் வந்த பொய் இல்லை. தெரிந்தே சொன்ன பொய்.

வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். அண்ணை என்று நான் சொல்லும் இவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. தாய்லாந்தில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் படுத்தவர். இப்போது மொன்ட்ரியாலில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. நான் கோட்-டெ-நெய்ஜில் வாடகைக்கு இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும் வேலை. எழுதிப் பழக்கம் இல்லை.

இலங்கையில் இருந்து கனடாவுக்கு வரும் வழியில் நாங்கள் இருவரும் பாங்கொக்கில் மாட்டிக்கொண்டோம். அகதி என்று சொல்லும் ஒரு காகிதம் கையில் இருந்தது. பொலிசுக்கு அது வெறும் காகிதம். அகதிகள் இருந்த கட்டடங்களில் மாடி மாடியாகப் பிடிக்கத் தொடங்கியபோது, பழக்கமான ஒரு லொறிக்காரர் எங்களை வடகிழக்கில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய்த் தன் சித்தி வீட்டில் இறக்கினார். இரண்டு கிழமை என்று சொல்லிப் போனோம். நான்கு வருடம் இருந்தோம்.

அந்தச் சித்தியை நாங்கள் 'மே' என்று கூப்பிட்டோம். அங்கே அம்மாவுக்கு அந்தச் சொல். அவருடைய கணவர் 'போ', அப்பா. அண்ணை முதல் நாளே சிரித்தார். "டேய், மனுசன் சோறு போடுறார், நீ அவரைப் போ, போ எண்டு கலைக்கிறாய்." போவுக்கும் மேக்கும் பிள்ளைகள் இல்லை. நெல் வயல், ஒரு துண்டு கரும்பு, இரண்டு மாடு, ஒரு மோட்டார்சைக்கிள். வீட்டின் கீழ்ப்பக்கத்தில் எங்களுக்குப் பலகை அடித்து ஓர் அறை தந்தார்கள்.

அந்த ஊரில் விடிகாலையில் ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் பேசுவார். யாருடைய எருமை அவிழ்ந்தது, எந்த வீட்டில் சாவு, எப்போது தண்ணீர் நிற்கும், எல்லாம் அதில் வரும். முதல் மாதம் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது. "இன்றைக்கு நாய்களுக்கு ஊசி போட ஆட்கள் வருகிறார்கள்" என்றால் பொலிஸ் ஜீப் வருகிறது என்று அர்த்தம். நாங்கள் கரும்புக்குள் போய் இருப்போம். போ பின்னாலேயே ஒரு போத்தல் தண்ணீரும் மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறும் கொண்டுவந்து வரம்பில் வைத்துவிட்டுப் போவார். நான்கு வருடத்தில் அந்த ஊரில் ஒரு நாய்க்கும் ஊசி போட்டதை நான் காணவில்லை. ஊர் முழுக்கத் தெரியும். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை.

நாங்கள் சும்மா இருந்து சாப்பிட்டோம் என்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி மிளகாய் வைத்தோம். ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து, எங்கள் மிளகாய் உறைப்புப் போதாது என்று கேலி செய்தார்கள். நாங்கள் தலையை ஆட்டினால் ஓமா இல்லையா என்று தெரியாமல் மே என் தாடையைக் கையால் பிடித்து நிறுத்தி, "வாயால் சொல்லு" என்பார். அவர்களின் மீன் ஊறுகாய் நாற்றத்துக்கு அண்ணை மூக்கைப் பொத்துவார். நான் மூன்றாம் மாதமே தொட்டுச் சாப்பிட்டேன். போவும் நானும் வயல் சேற்றில் விலாங்கு பிடிப்போம். அவர் அதிகம் பேச மாட்டார். விலாங்கு என் கையிலிருந்து நழுவும்போது மட்டும் சிரிப்பார்.

நான்காம் வருடம் போ செத்துப்போனார். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவர் அப்படியே விழுந்துவிட்டார். மூன்று நாள் உடலை வீட்டில் வைத்திருந்தார்கள். ஊரே வந்து சமைத்தது. நான் விறகு கொத்தினேன்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எரிக்கும் நாளில் செத்தவரின் மகன் மொட்டை அடித்து, காவி உடுத்து, ஒரு நாளுக்கு மட்டும் துறவியாகிப் பெட்டியில் கட்டிய வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நடப்பான். செத்தவர் அந்தக் காவியைப் பிடித்துக்கொண்டு மேலே போவார் என்று நம்புகிறார்கள். எரித்து முடிந்ததும் கழற்றிவிடலாம். மகன் இல்லாத வீட்டில் யார் நடப்பது? மே என்னிடம் வந்தார். கட்டாயப்படுத்தவில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார்.

"நீ அவருக்காக நடக்கிறியா? ஏலாது என்றால் சொல்லு. குறை நினைக்க மாட்டேன்."

நான் இந்து என்றேன். ஊர் விகாரையின் பெரிய பிக்குவிடம் கேட்டுவிட்டதாகவும் மனம் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் என் தாடையைப் பிடித்தார். நான் வாயாலும் சொன்னேன். அடுத்த நாள் காலை ஊர்த்தலைவர் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார். இந்த வீட்டுக்கு மகன் இருக்கிறான், நாளைக்கு நடப்பான் என்றார்.

சிங்களப் பிக்குகளின் காவியைப் பார்த்துப் பயந்து வளர்ந்த எங்களுக்கு அந்த உடுப்பு என்றால் என்ன என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அண்ணை அறைக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு விசரோ? எவனாவது படம் எடுத்துப் பேஸ்புக்கிலை போட்டால் ஊரிலை காறித் துப்புவாங்கள். கனடாக்காரன் பாத்தால், புத்த சாமியாப் போனவனுக்கு என்ன அகதி எண்டு கேஸை மூடுவான். உன்னாலை என்ரையும் போகும்."

"அவருக்கு வேறை ஆர் இருக்கினம், அண்ணை?"

"அது அவையின்ரை பிரச்சினை."

அந்தப் பயத்துக்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம். மேயிடம் போய் ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அவரே அப்படிச் சொல்லச் சொன்னவர். எனக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. எரிக்கும் நாள் காலை, மொட்டை அடிக்கக் கூப்பிட முதல், ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தோம். செத்த மனுசனின் மோட்டார்சைக்கிளிலேயே ஓடினோம். சந்தை ஊரில் ஒரு நூடில்ஸ் கடையில் பின்னேரம் வரை இருந்தோம். நான் இரண்டு கோப்பை சாப்பிட்டேன். அதையும் எழுத வேண்டும்.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காவி உடுத்து நடந்தவர் பக்கத்து வயல்காரர். வாய்க்கால் சண்டையில் போவோடு எட்டு வருடம் முகம் பார்க்காதவர். மழித்த தலையோடு முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பினார். மே வெளியே வந்து மோட்டார்சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"டயர் காற்றுப் போய்விட்டதா? அந்த ரோட்டில் எப்போதும் அப்படித்தான்."

நான் ஓம் என்றேன். டயரில் காற்று இருந்தது. அவர் கையால் அமத்தியும் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டு, மூடி வைத்திருந்த இரண்டு தட்டுகளை எடுத்துத் தந்தார். அடுத்த நாள் ஊர் முழுக்க டயர் கதையைச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகும் எங்களை ஏழு மாதம் வைத்திருந்தார். கனடா விசா வந்த நாளில் கோழி அடித்தார்.

இனி இந்தத் தைப்பொங்கல் விழா. கோட்-டெ-நெய்ஜில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபம். வெளியே பனி, உள்ளே பொங்கல். அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். பின்னால் திரையில் ஒரு படம் வந்தது. மிளகாய்ப் பாத்தியில் நாங்கள் இருவரும், நடுவில் மே.

"இந்த மனுசி எங்களை மதம் மாத்தப் பாத்தவ. மொட்டை அடிச்சுக் காவி உடுத்தினால்தான் சோறு எண்டு நிண்டவ. நாங்கள் பட்டினி கிடந்தம். சைவத்தை விடேல்லை."

சனம் எழும்பி நின்று கை தட்டியது. நானும் எழும்பினேன். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த மனைவி என் காதுக்குள் கேட்டாள்.

"இது உண்மையோ? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஓம்" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த அளவுக்கு நல்லவன் இல்லை. வேலையில் கட்டிலில் செத்தவர்களையும் கீழே பிணவறைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். யாரென்றே தெரியாத மனிதரோடு நடக்கச் சம்பளம் வாங்குகிறேன். போவுக்கு நடக்கவில்லை. அதோடும் இத்தனை வருடம் ஓட்டியவன் நான்.

ஆனால் விழா வீடியோவைச் சங்கம் பேஸ்புக்கில் போட்டது. மேயிடம் இப்போது போன் இருக்கிறது. எங்கள் இருவரையும் பேஸ்புக்கில் பின்தொடர்கிறவர் அவர். போன கிழமை எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். அண்ணையை அவர் பெரியவன் என்றுதான் சொல்வார்.

"சாப்பிட்டாயா? என் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பெரியவன் பேசுவதைப் பார்த்தேன். எல்லாரும் எழும்பிக் கை தட்டுகிறார்கள். நான் அழுதுவிட்டேன். ஊர்த்தலைவருக்கும் காட்டினேன். என்ன சொன்னான் என்று எங்கள் மொழியில் சொல்லி அனுப்பு. காலையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப் போகிறாராம்."

ஐந்து நாளாகிறது. நான் பதில் அனுப்பவில்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"விடு. அந்த மனுசிக்குத் தமிழ் தெரியுமோ? நல்லதாய் ஏதாவது சொல்லி அனுப்பு" என்றார்.

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அது எனக்குரியது.

அண்ணை, இந்த முறை நான் டயர் கதை சொல்ல மாட்டேன். சித்திரையில் சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. அதே மண்டபம், அதே ஒலிவாங்கி. அதே படத்தைத் திரையில் போடுங்கள். மே ஒரு நாளாவது எங்களுக்குச் சோறு தராமல் விட்டாரா? போவை எரித்த அன்று நாம் எங்கே இருந்தோம்? இந்த இரண்டுக்கும் சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று, ஓம் என்று சொல்லிவிட்டு ஓடினவன் நான்தான் என்று சொல்கிறேன். கை தட்டினதையும் சொல்கிறேன். நீங்கள் சொல்வதை அப்படியே அவருடைய மொழியில் மாற்றி அனுப்புவேன். அங்கே ஊர்த்தலைவர் வாசிக்கக் காத்திருக்கிறார். சொல்லுங்கள், அண்ணை.