அக்காவின் பெருவிரல்

எங்கள் அக்கா வேடந்தாங்கல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, நான் பிறக்கும்வரை. மறைமலைநகரில் வாழ்க்கைப்பட்டார். மாமா சீக்கிரமே போய்விட, கம்பெனி கேண்டீனில் நின்றபடியே சமைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார். வேலையை விட்ட பிறகும் கால்வலி அவரை விடவில்லை.

பிறகு ஒரு முகாமில், பாதத்தைத் தானே அமுக்கிக்கொள்ளும் முறையைக் கற்றுவந்தார். எந்த இடம் உடம்பில் எதற்கு என்று காட்டும் பாதப்படம் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஏறியது. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. மாலையானால் தெருப்பெண்கள் அக்கா வீட்டுக் கூடத்தில், ஆளுக்கொரு காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அமுக்குவது பாதி, மருமகள் கதை பாதி. வலி எதில் குறைந்ததோ.

மருமகள் அமுக்க வந்தால் மட்டும் விடமாட்டார். "என் காலு, என் கையி. நடுவுல நீ இன்னாத்துக்கு?"

என் மகள் கல்யாணத்தன்று, செங்கல்பட்டு மண்டபத்தில், சம்பந்தியம்மா அக்காவைப் பார்க்க வந்தார். நம் பக்கத்துப் பெண்கள் பட்டுப்புடவையோடு வரிசையாகத் தத்தம் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்குமா முள்ளு குத்திடுச்சு?"

"செருப்ப கயட்டிட்டு நீயும் குந்துமா" என்றார் அக்கா.

முகூர்த்தத்துக்கு இருவரையும் நான்தான் தேடிப் பிடித்தேன்.

நோய் முற்றிய கடைசி மாதம் அக்காவால் குனிய முடியவில்லை. கை முழங்காலோடு நின்றுவிடும். பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அமுக்கட்டுமா என்றால் வேண்டாமென்று தலையசைப்பார். யாரிடமும் காலை ஒப்படைக்காதவருக்கு நோயைவிட அதுதான் கஷ்டம். ஒருநாள் அவரே காலை என் பக்கம் நகர்த்தினார். பயபக்தியோடு ஆரம்பித்தேன்.

"இன்னாடா, பரோட்டாவுக்கு மாவு பிசையிறியா?"

"எங்கக்கா அமுக்கணும்?"

"பெருவிரல்ல. அதான் தலைக்கு. உங்கிட்ட இல்லாத ஐட்டம்."

அமுக்கினேன். சிரித்தபடியே தூங்கிப்போனார்.

அந்த வாரமே போய்விட்டார். உடலைக் கிடத்தியதும், வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். மாலைக் கூட்டத்தில் ஒருவரான எதிர்வீட்டுப் பானு அம்மா குனிந்து பார்த்தார்.

"அண்ணாத்த, அவ்ளோ இறுக்காதீங்க. அது தலைக்கான எடம். அக்காவுக்கு நோவும்."

யாரும் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, தளர்வாகக் கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவர்கள், சோறு கொடுத்தனுப்பியவர்கள், தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பானு அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பாதப்படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாலையில் எப்போதும்போல வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு.