விரல் விரித்த போதும்

எதிர் வரிசையில் யாரோ ஒருவரின் இலையில் ரசத்துக்குச் சோறு பற்றவில்லை. அதைக் கண்ட நொடியில் குமாரசாமி தன் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையை உயர்த்தி, "ஏனுங்க, சோறு இக்கட்டால வரட்டும்! ஒறம்பரை கையக் காய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது!" என்று ஒரு குரல் விட்டார். சோற்று வாளி ஓடி வந்தது. இலைக்கார விருந்தாளி நெகிழ்ந்துபோய், "நீங்க மாப்பிள்ளை ஊடுங்களா, பொண்ணு ஊடுங்களா?" என்று கேட்டார். குமாரசாமி இரண்டு வீடும் இல்லை. அவருக்குப் பத்திரிகை வைத்த கல்யாணம் அதே மண்டபத்தின் மாடியில் நடந்துகொண்டிருந்தது. "திங்கற எடத்துல ஏனுங்க கட்சி?" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

இதற்குப் பந்தி விசாரிப்பது என்று பெயர். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இந்தப் பொறுப்பைக் குமாரசாமியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. மழையிடம் யாராவது ஒப்படைத்தா பெய்கிறது? தொழில் என்று பார்த்தால் அவருக்குக் கோழிப்பண்ணை. அங்கேயும் தீவனம் போட்டுவிட்டுச் சும்மா வரமாட்டார். "தின்னு சாமி, கூச்சப்படாத" என்று கூண்டு கூண்டாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். கோழிகள் கூச்சப்பட்டதாகத் தகவல் இல்லை.

விசாரிப்பில் அவர் கண்டெடுத்த பேருண்மை ஒன்று உண்டு. நம் பக்கத்து மனிதர் முதல் தடவை "போதும்" என்றால் அது மரியாதை. மறுபடி சொன்னால் அது கூச்சம். வயிறு வாயைத் திறப்பது அதற்கப்புறம்தான். ஆகவே வாயைக் கேட்கக் கூடாது, இலைக்கு மேலே குறுக்கே வைக்கிற கையைப் பார்க்க வேண்டும். "வெரலு ஒட்டியிருந்தா உட்டுருங்க. வெரலு விரிஞ்சிருந்தா, சந்துல ஊத்துங்க" என்பார். அவர் மனைவி சௌந்திரத்துக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய மதிப்பில்லை. "ஊருல இருக்கற வெரலையெல்லாம் பாக்கற மனுசன், நீ தின்னியான்னு என்னைய ஒரு நாளு கேட்டதில்லீங்க" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் தனப்பிரியா, ஸ்பெயினில் ஆறேழு வருஷம் சமையல் செய்து பேர் வாங்கிவிட்டு ஊர் திரும்பி, சேலம் போகிற நெடுஞ்சாலையில் 'லா மேசா' என்ற உணவகத்தைத் திறந்தாள். லா மேசா என்றால் மேசை. இதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்று குமாரசாமிக்குத் தோன்றியது.

திறந்த வாரம் வட்டாரமே வந்து பார்த்தது. நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட தரை ஓடுகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானியக் காளைப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றது. "எல்லாஞ் செரி, திமிலே இல்லீங்களே, பாவம்" என்று இரங்கியது. குளிர்ந்த தக்காளி சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சுங்க, கொஞ்சம் சுட வெச்சுக் குடுங்க" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தது. குமாரசாமியின் பண்ணை முட்டையில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட கனத்த அடையையும், மேச்சேரி ஆட்டுக்கறி போட்டு அகன்ற இரும்புச் சட்டியில் வேகவைத்த பயேயா என்ற சோற்றையும் படம் எடுத்துக்கொண்டது. தலைக்கு ஒரு கரண்டி தின்றது. போய்விட்டது.

குமாரசாமிக்கு மூலையில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருந்தது. நிபந்தனைகள் கடுமையானவை. "அப்பா, யார் மேசைக்கும் போகக் கூடாதுங்க. போட்டுக்கங்கன்னு யாரையுஞ் சொல்லக் கூடாதுங்க. இது பந்தி இல்ல" என்று தனப்பிரியா சொல்லியிருந்தாள். அவர் சத்தியம் செய்திருந்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி, சீட் பெல்ட் போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்தே பார்த்ததில் விபரீதம் புரிந்தது. மேலாளர் ஆஷிக் சேலத்துப் பையன். துபாயில் நட்சத்திர ஓட்டலில் பழகியவன். மேசைக்கு வருவான், லேசாகக் குனிவான், "வேற ஏதாவது வேணுங்களா சார்?" என்று ஒரே ஒரு முறை கேட்பான். வளர்ப்பு நல்ல வளர்ப்பாக இருப்பதால் சாப்பிட வந்தவர்கள் "போதுங்க" என்பார்கள். அவன் அதை நம்பிவிடுவான். அடுத்த நிமிஷம் சட்டி உள்ளே போய்விடும், பில் வெளியே வந்துவிடும். குனிந்த தலையோடு எழுந்து போகிற அந்தக் குடும்பங்கள் எங்கே போகின்றன என்பதைச் சாலைக்கு எதிரே புரோட்டாக் கடை வைத்திருந்த செங்கோட்டையன் சொன்னான்: "அண்ணா, உங்க பொண்ணு ஓட்டல் தொறந்ததுல இருந்து எனக்கு யாவாரம் நெம்ப எச்சுங்க. எல்லாம் காருல வாராங்க. நல்லா இருக்கோணும் அம்மணி."

குமாரசாமி ஆஷிக்கைத் தனியே பிடித்தார். "ஏந் தம்பி, ஒருக்கா கேட்டா யாராச்சும் வேணும்பாங்களா?"

"மறுபடி கேட்டா கெஸ்ட்டுக்குத் தொந்தரவு சார். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"உங்க ஊட்டுலயும் ஒருக்காதான் கேப்பாங்களா?"

ஆஷிக் யோசித்தான். "எங்கம்மாவா? பிரியாணிச் சட்டியோட தெருமுனை வரைக்கும் தொரத்துவாங்க சார்."

"பொறகென்ன?"

"அது வீடு சார்."

தனப்பிரியா வேறு கணக்கில் இருந்தாள். பாதி நிறைந்து உள்ளே திரும்பி வருகிற சட்டிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற சமையல் இந்த ஊருக்குப் புடிக்கலீங்கப்பா. ஆடி பொறந்தா பூட்டிப்போட்டு மறுக்கா ஸ்பெயினுக்கே போயிர்றேன்" என்று ஒரு சாயங்காலம் சாதாரணமாகச் சொன்னாள். சௌந்திரம் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். குமாரசாமி அன்று பண்ணைக்குப் போய்க் கோழிகளிடம் ஒன்றும் பேசவில்லை.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. ஓமலூரிலிருந்து லாரி முதலாளி சின்னுசாமி, அண்ணன் தம்பி குடும்பங்களோடு வந்து நீள மேசையை நிறைத்தார். பெரிய சட்டியில் பயேயா போனது. ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள். அடுத்த கரண்டியை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆஷிக் குனிந்து கேட்டான். சின்னுசாமி தட்டுக்குக் குறுக்கே கையை வைத்து, "போதும் போதும், நெம்பத் தின்னாச்சு" என்றார்.

குமாரசாமி கையைப் பார்த்தார். அது கையா, சல்லடையா? எருமையே புகுந்து போகலாம் போல அத்தனை சந்து.

சட்டி சமையலறைப் பக்கம் திரும்பியது. கதவின் வட்டக் கண்ணாடியில் தனப்பிரியாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்கும் சட்டிக்கும் நடுவே இன்னும் நாலெட்டுதான் இருந்தது. சத்தியம் செய்தவர் எழுந்தார்.

"தம்பி, நில்லு. சட்டியக் குடு."

"சார், மேடம் திட்டுவாங்க…"

"திட்டட்டும். எம் புள்ளதான."

வலது கையில் கரண்டி, இடது கையில் துணி சுற்றிய சட்டி. மேசையின் தலைமாட்டில் போய் நின்று குமாரசாமி தொண்டையைச் செருமினார். வரலாற்றில் படை நடத்திப் போனவர்களும் இப்படித்தான் செருமியிருக்க வேண்டும். "ஏனுங்க சின்னுசாமி, ஓமலூருல இருந்து இத்தன தூரம் வந்துபோட்டு, ஒரு கரண்டியோட எந்திரிச்சா நாளைக்கு எம் மூஞ்சில முழிப்பீங்களா?"

"ஐயோ, போதுங்கண்ணா!"

"மேச்சேரி ஆடுங்க. ஸ்பெயினு போறதுக்குன்னே வளந்த ஆடு."

"சொன்னாக் கேளுங்கண்ணா, வவுத்துல எடமில்ல…" என்றார் சின்னுசாமி. தட்டு மட்டும் தானாக அரை அங்குலம் முன்னால் நகர்ந்தது. சந்தில் விழுந்தது கரண்டிச் சோறு. பிறகு சின்னுசாமியின் மனைவிக்கு, தம்பிக்கு, "எனக்குக் கறி வேண்டாங்க" என்று கறியையே பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தியாளுக்கு. சட்டியின் அடியில் பொன்னிறமாகக் காந்தல் ஒட்டியிருந்தது. அதற்கு அண்ணன் தம்பிகளுக்குள் லேசான கைகலப்பு நடந்தது. ஸ்பெயினிலும் காந்தலுக்குத்தான் சண்டை நடக்கும் என்பது குமாரசாமிக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரியும்.

அடுத்த மேசையில் சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு ஜோடி பொருமியது: "எங்களை யாருமே கேக்கலியே?" அதற்கடுத்த மேசையில் ஒருவர் கேட்கும் முன்பே தட்டின்மேல் கையை வைத்து, விரலை அகல விரித்துக்கொண்டு, கவனிப்பார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொரு பெரிய சட்டி வேண்டும் என்று சமையலறைக்கு ஆள் ஓடியது. தக்காளி சூப்பைக்கூட மறுபடி ஊற்றிக் குடித்தார்கள். ஆறியதாக யாரும் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு தனப்பிரியா வெளியே வந்தாள். குமாரசாமி கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சுரண்டிப் பளபளத்த சட்டியைப் பார்த்தாள். பிறகு ஆஷிக்கிடம், "அந்தப் பக்கம் மூணு மேசைக்கு யார் கேக்கறது?" என்றாள். ஆஷிக் பறந்தான். துபாய் ஒரே நொடியில் அவனைவிட்டுப் போய்விட்டது. "என்ன சார் இது, கொறிச்சுட்டு எந்திரிக்கிறீங்க? எங்கம்மா பார்த்தா என்னைத்தான் திட்டுவாங்க!" என்ற அவன் குரல் நெடுஞ்சாலை வரை கேட்டது.

ஆடி பிறந்தது. 'லா மேசா'வில் பூட்டுத் தொங்கவில்லை, மேசைதான் கிடைக்கவில்லை. புதிதாகச் சேருகிற பரிமாறுநர்களுக்கு இப்போது ஆஷிக் தன் கையைத் தட்டின்மேல் வைத்து விரலை ஒட்டியும் விரித்தும் பாடம் நடத்துகிறான். செங்கோட்டையன் சாலையைக் கடந்து வந்து, "ஏனுங்கண்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று கண்கலங்கினான். அவனையும் உட்காரவைத்து விசாரித்துத்தான் அனுப்பினார்கள்.

அன்று மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு, மூலை நாற்காலியில் குமாரசாமி சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் சௌந்திரம். "நீ தின்னியா?" என்று அவர் கேட்டார்; அந்த அம்மாளுக்குப் புரையேறியது. தனப்பிரியா சட்டியும் கரண்டியுமாக வந்து நின்றாள்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்கப்பா."

"போதும் அம்மணி, போதும்" என்று குமாரசாமி தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தார். ஐந்து விரலும் ஐந்து திசையைப் பார்த்திருந்தன.